மஞ்சள் உடுக்கை

கடைக்குள் யார் வந்தாலும் பாய் முதலில் தலையை இடப்பக்கம் சாய்ப்பார். பிறகு வலப்பக்கம். அதற்குப் பிறகுதான் “வாங்க” என்பார். புதிதாக வருகிறவர்கள், இந்த ஆள் நம்மை ஏன் சந்தேகமாகப் பார்க்கிறார் என்று சங்கடப்படுவார்கள். சந்தேகம் ஒன்றுமில்லை. நாளெல்லாம் கணினித் திரைகளைச் சாய்ந்து சாய்ந்து பார்த்ததில் கழுத்துக்கு வந்துவிட்ட பழக்கம். தெருவில் எருமை போனாலும் அப்படித்தான் பார்ப்பார்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதேதான் சார்” என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். “எங்க அத்தா பயந்துட்டாரு. மாப்பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கான்னு கேட்டாரு.”

“சாய்ச்சுப் பாத்துத்தானே ஓகே சொன்னேன்” என்பார் பாய்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் எல்லாரும் பாய் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் செய்ததை மட்டும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுபது வயது. இனித் தள்ளிப்போட இடமில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, இரண்டு காபிக் கடைகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல் இருந்தது அந்தக் கடை. டிவி, மானிட்டர், லேப்டாப் திரைகள் பழுது பார்ப்பார். நான் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தேன். என் மடிக்கணினியின் திரையில் பழுப்பாக ஒரு கறை படர்ந்து, நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் முதலில் போனேன். பாய் திரையின் மேல்தாளை மூலையில் நகத்தால் கிளப்பி, வாழை நார் உரிப்பதுபோல ஒரே இழுப்பில் உரித்தார். திரை வெறும் வெள்ளையாக நின்றது. உரித்த தாளைத் தூக்கி என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். அதன் வழியாகப் பார்த்தால் என் கோப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தாளை எடுத்தால் மறுபடி வெள்ளை.

“படம் எங்கயும் போகல சார். கண்ணுக்குத்தான் தெரியாது. தாளுக்குத் தெரியும்.”

முப்பது வருடமாக நான் பாடம் நடத்திய விஷயம் அது. ஒளி ஓர் அலை. சாதாரண வெளிச்சத்தில் அதன் அதிர்வு எல்லாத் திசைகளிலும் கலந்து கிடக்கும். அந்தத் தாள் ஒரே திசை அதிர்வை மட்டும் வெளியே விடும், மற்றதை விழுங்கிவிடும். அப்படி ஒரே திசையில் அதிர்ந்து வரும் ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்று புத்தகத்தில் சொல்வோம். இன்னொரு தாளை அதற்குக் குறுக்கே வைத்தால் வெளிச்சம் முழுவதும் அடைபட்டு இருட்டாகிவிடும். திரையில் நாம் பார்க்கும் படமெல்லாம் இப்படிப்பட்ட இரண்டு தாள்களுக்கு நடுவில் நடப்பதுதான். பாய் பத்தாவதோடு நின்றவர். இந்தப் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஒளி “நிக்குது”, ஒளி “படுத்திருக்கு” என்று இரண்டே சொல் வைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

புதுத் தாளை வெட்டும்போது ஒரு மூலையில் கத்திரிக்கோலால் சின்னதாக ஒரு கீறல் போடுவார். அந்தக் கீறல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் ஒளியின் திசை. திசை மாற்றி ஒட்டிவிட்டால் திரையில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். கீறல் விரலில் பட்டால் போதும், பார்க்காமலே ஒட்டிவிடலாம்.

கடையின் உள்மூலையில் அவருக்கென்று ஒரு பழைய டிவி இருந்தது. அதன் மேல்தாளை உரித்துவிட்டு, அந்தத் தாளில் வட்டமாக இரண்டு துண்டு வெட்டித் தன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். அவர் பார்த்தால் கிரிக்கெட். மற்றவர்களுக்கு வெறும் வெள்ளைத் திரை. இப்படி அவர் ஒருநாள் மெய்மறந்து வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சார்ஜர் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். பாய் திடீரென்று “அவுட்டு!” என்று கத்தியதும் அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

“நான் அப்பவே கடையை மூடிட்டு மடம் ஆரம்பிச்சிருக்கணும் சார். அம்மாவாசை பௌர்ணமிக்கு நல்ல கூட்டம் வரும்.”

இதைச் சொல்லிச் சிரிக்கிற மனிதர், வேலையில் விளையாட்டே காட்டமாட்டார். ஒரு பௌர்ணமி அன்று பகலில், கிரிவலப் பாதையில் கூலிங்கிளாஸ் விற்கும் ஆள் ஒருவன் கடை வாசலில் தட்டியை விரித்தான். எல்லாம் ஒரிஜினல் போலரைஸ்டு, ரோட்டில் கூசாது என்று கூவினான். பாய் எழுந்து போய் ஒன்றை எடுத்து, தன் செல்போன் திரைக்கு மேல் பிடித்து மெல்லச் சுற்றினார். உண்மையான தாளாக இருந்தால் சுற்றும்போது ஓரிடத்தில் திரை இருண்டுபோக வேண்டும். இருளவில்லை.

“இது வெறும் கலர் பிளாஸ்டிக்குப்பா.”

“பாய், பௌர்ணமி யாவாரம். கொஞ்சம் வாயை மூடிக்கோயேன்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே. டெஸ்ட்டு சொல்லுது.”

தன் வேலைக்கும் அதே சட்டம்தான். ஒரு லேப்டாப்புக்கு நாள் முழுக்க உட்கார்ந்து ஒட்டிய தாளை, வந்தவர் சரி என்று சொன்ன பிறகும், திரையை வெள்ளையாக்கிச் சாய்ந்து பார்த்துவிட்டு உரித்துப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் பாய் என்று கேட்டால், “டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுதான் சார். நமக்குப் புடிச்சா ஒத்துக்கிறது, புடிக்கலன்னா இல்லைங்கிறது, அப்படின்னா அது இன்னாத்துக்கு?” என்றார்.

இந்தக் குணத்தைத்தான் நான் பின்னால் அவருக்கு எதிராகப் பயன்படுத்தினேன்.

ஆய்வகத்துக்கு வேண்டும் என்று அவரிடம் கழிவுத் தாள்களை வாங்கிப்போவேன். அப்படிப் போன ஒருநாள், என்னை உள்ளே கூப்பிட்டு, முழுக்க வெள்ளையாக வைத்திருந்த ஒரு மானிட்டருக்கு முன்னால் உட்காரவைத்தார்.

“சார், படிச்சவங்க நீங்க. இது இன்னாதுன்னு சொல்லுங்க. திரைக்கு நடுவுல, ரெண்டு விரல் அகலத்துக்கு, மஞ்சளா ஒரு உடுக்கை.”

“உடுக்கையா?”

“நடுவுல ஒல்லியா, ரெண்டு பக்கமும் அகலமா. ரொம்ப லேசா இருக்கும். ரெண்டு செகண்டுல மறைஞ்சிடும். தலையைச் சாய்ச்சா திரும்ப வரும். நின்ன வெளிச்சமா இருந்தா உடுக்கை படுத்திருக்கும். படுத்த வெளிச்சமா இருந்தா நிக்கும். கீறலைத் தடவிப் பாக்கவே வேணாம், உடுக்கையைப் பாத்தாலே தெரிஞ்சுபோவும்.”

நான் பார்த்தேன். சாய்ந்து பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“சாயங்காலம் மலைக்குப் பின்னாடி சூரியன் போறப்ப, தலைக்கு மேல வானத்திலயும் இருக்கு சார். அதோட முனை சூரியன் இருக்கிற பக்கத்தையே காட்டும். சின்ன வயசுல இருந்தே பாக்கறேன். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

“இவருக்கு டிவியில படம் இல்லேன்னாலும் படம் தெரியும் சார்” என்றார் அவர் மனைவி. கடையின் ஓரத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார். “தர்காவுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்.”

தளவிளைவுற்ற ஒளியைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் என்று நான் வகுப்பில் சொல்வேன். ஒரு தாளைச் சுற்றிப் பார்ப்பது. கண்ணாடியிலோ மெருகேற்றிய கருங்கல்லிலோ ஒரு குறிப்பிட்ட சாய்வில் பிரதிபலிக்கவிட்டுப் பார்ப்பது. ஒன்றை இரண்டாகக் காட்டும் ஒருவகைப் படிகத்தின் வழியாகப் பார்ப்பது. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, கீழே கோடு போட்டு, ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன்: “தேனீயின் கண்ணுக்கு இது தெரியும். மனிதனின் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.” பாயிடமும் அதையே சொன்னேன். உடுக்கை கண்ணின் களைப்பு, பிரமை என்றேன்.

“அப்படிங்களா” என்றார். மறுத்துப் பேசவில்லை. ஆனால் தலை சாய்ந்தது.

விஷயம் அதோடு நின்றிருக்கும். என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் லேப்டாப்பை அவரிடம் கொண்டுபோயிருக்கிறாள். பாய் அவளிடம் உடுக்கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மறுநாள் வகுப்பில் நான் தேனீ வாக்கியத்தைச் சொன்னதும் அவள் எழுந்தாள்.

“சார், செங்கம் ரோட்டு பாய்க்குத் தெரியுதாம்.”

வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்களா அவளைப் பார்த்தா என்று தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

“தெரியுதுன்னா டெஸ்ட் பண்ணிடலாமே. வரச் சொல்லு” என்றேன்.

அவர் கடையை அடைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆய்வகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்த கருவிகளை எல்லாம் ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் சாய்ந்து பார்த்தார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒரு பெட்டிக்குள் விளக்கு, அதன் முன்னால் எண்ணெய்த்தாள், அதன் முன்னால் அவரே எனக்குக் கொடுத்த போலரைசர் தாள். தாளைப் பிடித்துத் திருப்பும் என் கை அவருக்கும் மாணவர்களுக்கும் தெரியாதபடி அட்டை மறைப்பு. அவர் துளை வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், உடுக்கை நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று. பத்துத் தடவை. நான் காகிதத்தில் குறித்துக்கொள்வேன்.

தாளின் மூலையில் அவர் போட்ட கீறல் என் கட்டைவிரலில் பட்டுக்கொண்டே இருந்தது.

“நிக்குது” என்றார். சரி. “படுத்திருக்கு.” சரி. மூன்றாவது தடவை திருப்புவதுபோல் பாவனை காட்டிவிட்டுத் திருப்பாமல் வைத்தேன். “மாறலையே சார். படுத்துத்தான் இருக்கு.” ஒவ்வொன்றுக்கும் அவர் அவசரப்படவில்லை. சாய்வார், கண்ணை மூடித் திறப்பார், மறுபடி சாய்வார், சொல்வார். பத்தும் சரி.

விளக்கை அணைத்துவிட்டு மறைப்பை விட்டு வெளியே வந்தேன். முப்பது வருடமாகச் சொன்ன வாக்கியம் தப்பு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்னிடம் கேட்கப்பட்டது. வேலை போயிருக்காது. மரியாதைகூடக் குறைந்திருக்காது, இப்போது நினைத்தால் கூடியிருக்கும் என்றே தோன்றுகிறது. அந்த மாணவியின் முகத்தைப் பார்த்தேன். வெற்றிக்குத் தயாராக இருந்தது அந்த முகம்.

“பத்துக்கு நாலு” என்றேன். “குருட்டாம்போக்கில் சொன்னாலும் இவ்வளவு வரும்.”

அந்தப் பெண் மட்டும், “சார், அந்தப் பேப்பரைப் பாக்கலாமா?” என்றாள்.

“முதல்ல உன் ரெக்கார்டை முடிச்சுக் காட்டு” என்று சொல்லிக் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

பாய், “சரிங்க சார். டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுதான்” என்றார். அந்தப் பெண்ணிடம் போய், “கோவிச்சுக்காதம்மா, உன்னையும் சேத்து ஏமாத்திட்டேன்” என்றார். தெரிந்தே அவரை ஏமாற்றிய நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போய், யாரும் தொடாத ஒரு தடித்த ஒளியியல் புத்தகத்தை எடுத்தேன். இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கும் முன்பே கனிமங்களை ஆராய்ந்த ஒருவர் அதைக் கண்டு எழுதியிருக்கிறார். மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் விரிந்த வடிவம், சில நொடிகளில் மறைவது, தலையைச் சாய்த்தால் திரும்பி வருவது, எல்லாம் பாய் சொன்னபடியே. விழித்திரையின் நடுப்புள்ளியில் இருக்கும் மஞ்சள் நிறமி வட்டவட்டமாக அடுக்கப்பட்டிருப்பதால் அதுவே ஒரு தாளைப்போல வேலை செய்கிறதாம். பழகினால் பெரும்பாலோர் பார்த்துவிடலாமாம். கடைசியில் ஒரு வரி: இது தெரியாமல் போனால் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கலாம், கண் மருத்துவர்கள் இதை ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வரியை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எட்டு ஒன்பது மாதம் கழித்து, கல்லூரி மானிட்டர் ஒன்றைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். அவருக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை. வழக்கம்போல் டீ வரவழைத்தார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. மனைவி “சக்கரை கம்மியா” என்று கத்துவார், இவர் டீக்காரரைப் பார்த்துக் கண்ணடிப்பார், டீ தித்திப்பாகவே வரும்.

“சார், உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன். அந்த உடுக்கை போயே போச்சு.”

“எது?”

“அதான் சார், பிரமைன்னு சொன்னீங்களே. மொதல்ல வலக்கண்ணுல போச்சு. ஒரு மாசமா இடக்கண்ணுலயும் இல்ல. எவ்ளோ சாய்ச்சாலும் வெள்ளைன்னா வெள்ளைதான். டெஸ்ட்டுல தெளிஞ்சுது பாருங்க, அதுக்கப்புறம் மனசு சரியாயிடுச்சு போல.”

“நல்லவேளை சார்” என்றார் மனைவி, மிஷினை நிறுத்திவிட்டு. “எனக்கு ஒரு பயமாவே இருந்தது.”

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. இரண்டு வாக்கியம் போதும். ‘பாய், அன்னைக்கு நீங்க சொன்னது பத்தும் சரி. நாளைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க.’ இரண்டாவதை மட்டும் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். ஏன் என்று கேட்பார். அவர் கேட்காமல் விடும் ஆள் இல்லை. கேட்டால் முதலாவதையும் சொல்ல வேண்டும்.

“நல்லது பாய்” என்றேன்.

வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டியில் வரும்போது, நாளைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படி நினைத்தேன். ஒரு வாரம் போனதும் இவ்வளவு நாள் சொல்லாததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

அடுத்து நடந்ததை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாய் நல்ல திரைகளை எல்லாம் கெட்டது என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். நேர்கோடு நடுவில் வளைகிறது, பேனல் போய்விட்டது, மாற்று என்பாராம். வந்தவர்கள், கோடு நேராகத்தானே இருக்கு என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். “என் கண்ணால பாக்கறேன், இல்லைங்கிறியா?” என்று இவர் கத்தியிருக்கிறார். வாழ்க்கையில் முதல்தடவையாக வாடிக்கையாளரிடம் கத்தியிருக்கிறார். கடைசியில் ஒருநாள் அவரே ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஸ்கேலும் நடுவில் வளைந்திருந்தது. ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, கடை ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனாராம்.

சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கிவிட்டது என்று வேலூரில் சொன்னார்கள். ஊசி போட்டார்கள். இருக்கிற ஓரப்பார்வையைக் காப்பாற்ற முடிந்தது, நடுவில் பார்வை திரும்பவில்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் அவருக்குத் தெரியாது.

அவர் மனைவியைப் பெரிய கடைத்தெருவில் பார்த்தேன். “ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் திட்டினாரு சார். ஆறு மாசம் முன்னாடி ஒரு கஷ்டமும் தெரியலையே. நல்லாத்தானே இருந்தாரு? நீங்களே பாத்தீங்களே” என்றார்.

“ஆமாம்மா. நல்லாத்தான் இருந்தார்” என்றேன்.

அதற்குப் பிறகு செங்கம் ரோட்டுப் பக்கம் போவதை விட்டேன். போயே ஆக வேண்டும் என்றால் சுற்றிக்கொண்டு போனேன். ஓய்வு பெற்றேன். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அவர் சர்க்கரையைச் சரியாக வைத்துக்கொள்ளாததுதான் காரணம், நான் சொல்லியிருந்தாலும் போயிருப்பாரோ என்னவோ என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போயிருப்பார். டெஸ்ட் சொல்கிறது என்றால் அவர் போகாமல் இருக்கமாட்டார்.

போன வருடம் எனக்குக் கண்புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்துச் சில நாள் கழித்து, கடிதம் ஒன்று தட்டச்சு செய்யலாம் என்று கணினியைத் திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம். ஏதோ தூசி என்று தலையைச் சாய்த்தேன். திரைக்கு நடுவில், இரண்டு விரல் அகலத்துக்கு, மிக லேசான மஞ்சளில், ஓர் உடுக்கை. மறைந்தது. சாய்த்தேன். திரும்பி வந்தது.

அன்று முதல் அது என்னை விடவில்லை. செல்போனில் இருக்கிறது. வங்கியில் டோக்கன் எண் காட்டும் திரையில் இருக்கிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று தலைக்கு மேலே பார்த்தால், மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியனை நோக்கி முனையைக் காட்டிக்கொண்டு வானத்தில் கிடக்கிறது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் மனைவி தைத்துக்கொண்டிருந்தார். பாய் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தாடி வெளுத்து, பாதியாக இளைத்து. காலடிச் சத்தம் கேட்டதும் தலையைச் சாய்த்தார். இப்போது அது பழக்கம் இல்லை. நடுவில் தெரியாததால் ஓரத்துப் பார்வையை என்மேல் கொண்டுவரச் சாய்க்கிறார்.

“யாரு, காலேஜ் சாரா? வாங்க வாங்க. எத்தினி வருஷம் ஆச்சு! சாருக்கு டீ போடும்மா.”

“டீ வேண்டாம் பாய். ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். பத்தும் சரியாக இருந்ததைச் சொன்னேன். நாலு என்று ஏன் சொன்னேன் என்பதைச் சொன்னேன். புத்தகத்தில் படித்த கடைசி வரியைச் சொன்னேன். உடுக்கை போய்விட்டது என்று அவர் நன்றி சொன்ன அன்றே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். கண்புரை எடுத்த பிறகு எனக்கும் உடுக்கை தெரிகிறது என்றேன். தையல் மிஷின் நின்றுவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாய் கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

“இப்ப உங்களுக்குத் தெரியுதா சார்?”

“தெரியுது பாய்.”

“டெஸ்ட்டு பண்ணிடலாமா?”

சுவர் அலமாரியில் தடவி, ஒரு பழைய டப்பாவை எடுத்தார். அதிலிருந்து உள்ளங்கை அகலச் சதுரத் தாள் ஒன்றை எடுத்து, மூலையைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்தார். கீறல் இருந்தது. சன்னலின் வெள்ளைத் திரைச்சீலைக்கு முன்னால் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“சொல்லுங்க.”

“நிக்குது” என்றேன்.

முதுகைக் காட்டித் தாளைத் திருப்பிவிட்டு மறுபடி பிடித்தார். “இப்ப?”

“படுத்திருக்கு.”

மூன்றாவது தடவை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றவர் தாளை மாற்றாமலே காட்டினார். “மாறலை” என்றேன். ஒவ்வொன்றுக்கும் சாய்ந்து பார்த்தேன், கண்ணை மூடித் திறந்தேன், மறுபடி பார்த்தேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. பத்துத் தடவையும் உடுக்கை தெரிந்தது. பத்துத் தடவையும் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கட்டைவிரல் கீறலை விட்டு நகரவே இல்லை.

தாளை டப்பாவில் வைத்து மூடினார். என் பக்கம் திரும்பினார், இந்தத் தடவை தலையைச் சாய்க்காமல், நேராக. நேராகப் பார்த்தால் என் முகம் அவருக்குத் தெரியாது.

“பத்துக்கு நாலு சார்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

“குருட்டாம்போக்கில் சொன்னாலும் இவ்வளவு வரும்.”

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. டெஸ்ட் முடிவைச் சொல்கிற குரல்தான். இல்லை பாய், பத்தும் சரி, எனக்குத் தெரியும் என்று நாக்கு வரை வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் நாலு என்றபோது, தெரியும் என்று அவர் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை.

“சரிங்க பாய்” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. ஆட்டோவுக்காக நின்ற இடத்தில் வானத்தின் பக்கம் தலையை உயர்த்தாமல் நின்றேன்.